ஆள் வாசனை

குடிலுக்குள் ஒரு பையன் நிற்கிறான் என்று நினைத்துத்தான் "யாருப்பா அது?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. பச்சை நிழல்வலைக்குக் கீழே வரிசையாகத் தொங்கும் மரத்துண்டுகள், அவற்றைப் பற்றிக்கொண்டிருந்த ஆர்கிட் செடிகள், ஓரத்தில் சொட்டும் குழாய். வேறு யாரும் இல்லை. ஆனால் ஆள் வாசனை இருந்தது. வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றப் போகிற ஓர் இளவட்டத்தின் வாசனை. வேர்வை, கொஞ்சம் டீசல், எலுமிச்சை சோப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் காய்ச்சிய பால் மாதிரி ஏதோ ஒன்று. பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ரகம் நான். அன்றைக்குக் கையில் மயிர் சிலிர்த்து நின்றதை மறைப்பதற்கில்லை.

என் பெயர் ஜெபராணி. ஊர் நாகர்கோவில் பக்கம், படிப்பு தாவரவியல். அந்தமானில், போர்ட் பிளேருக்குத் தெற்கே ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையத்தில், அழிந்துகொண்டிருக்கும் தீவுச் செடிகளைக் காப்பாற்றுகிற வேலை. காப்பாற்றுவது என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. பெரும்பாலும், ஒரு செடி சாகும்போது பக்கத்தில் இருந்துவிட்டுப் பிறகு அதைப் பற்றிக் கட்டுரை எழுதுவோம். இந்தத் தீவுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் முளைக்காத செடிகள் இங்கே ஏராளம். சில செடிகள் ஒரே ஒரு தீவின் ஒரே ஒரு சரிவில் மட்டும் இருக்கும். அந்தச் சரிவில் சாலை போட்டால் கதை முடிந்தது.

மூக்குத்திப்பூ என்று எங்கள் ஆட்கள் பெயர் வைத்திருந்த ஆர்கிட்டும் அப்படிப்பட்டதுதான். வெள்ளையாய், விரல்நகம் அளவு, நடுவில் சிவப்புப் பொட்டு. உயரமான மரங்களின் உச்சிக்கிளையில் வேரை ஊன்றிக்கொண்டு, காற்றையும் மழையையும் குடித்து வாழும். அதற்கு மகரந்தம் சுமந்தது ஒரே ஒரு கருப்புத் தேனீ. கொசுவுக்கு அடித்த புகையில் அந்தத் தேனீ இல்லாமல் போய்விட்டது. அதன்பின் ஒரு பூவிலும் காய் இல்லை. கிழட்டுச் செடிகள் ஒவ்வொன்றாய்ப் பட்டுப்போக, மிச்சமிருந்த சிலவற்றை மரத்திலிருந்து இறக்கிக் குடிலுக்குக் கொண்டுவந்தோம். இறக்கியவன் செந்தூரான்.

எங்கள் நிலையத்துக்கு மரமேறி அவன். படகு எஞ்சின் பழுதுபார்ப்பது பிழைப்பு. எங்களுக்குத் தேவைப்படும்போது கயிற்றோடு வருவான். பாதி உயரம்வரை கிளையே இல்லாத கர்ஜன் மரத்தில் ஓணான் மாதிரி ஏறிப் போவான். ஏறினால் இறங்கமாட்டான், அதுதான் அவனோடு தொல்லை. மேலே உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருப்பான். குடிலில் வேலை செய்த அவன் அம்மா வடிவு கீழே நின்று சோறு ஆறுகிறது என்று கத்துவாள். மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வரும்.

அவனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது, கூட்டாளிகளோடு மீன் பிடிக்கப் போன டிங்கிப் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். அவன் உடல் கிடைக்கவில்லை. வடிவு காரியம் எதுவும் செய்யவில்லை. 'செத்தவன்' என்று அவள் வாயில் வந்ததே இல்லை, 'போனவன்' என்றுதான் சொல்வாள். மறுவாரமே வேலைக்கு வந்துவிட்டாள். நானும் அவளிடம் ஆறுதலாக எதுவும் பேசவில்லை. எனக்கு அதெல்லாம் வராது.

அந்த வருடம்தான் எங்கள் இயக்குநர் வர்கீஸ் ஒரு வித்தை செய்திருந்தார். சில ஆர்கிட்டுகள் இயற்கையிலேயே ஏமாற்றுக்காரிகள். பெண்தேனீ மாதிரியே வாசனை விட்டு ஆண்தேனீயை வரவழைக்கும். மூக்குத்திப்பூவுக்குப் பழைய தேனீயின் வாசனை மட்டும்தான் தெரியும், அந்தத் தேனீயோ இல்லை. அதனால் புது வாசனை கற்றுக்கொள்ளும் குணத்தை அவர் அதன் மரபணுவுக்குள் செருகினார். மொட்டு விடும் பருவத்தில் எந்த வாசனை அதிகம் படுகிறதோ, பூத்ததும் அதையே பூ திருப்பித் தரும். பக்கத்தில் கொட்டாத சின்னத் தேனீயான கொசுத்தேனீயின் பெட்டியை வைத்தால் கொசுத்தேனீயின் பெண்ணாகப் பூ நடிக்கும், தேனீ வரும், காய் பிடிக்கும். திட்டம் அவ்வளவுதான்.

மொட்டு வந்தது, பூத்தது. தேனீ வரவில்லை.

நான் வானிலையைத் திட்டினேன், தேனீயைத் திட்டினேன், கடைசியில் கையால் மகரந்தம் சேர்க்கச் சொல்லி வடிவிடம் விட்டேன். பல்குச்சி முனையில் ஒரு பூவின் மகரந்தத்தை ஒட்டியெடுத்து அடுத்த பூவின் குழிக்குள் வைக்க வேண்டும். நிலையத்தில் அவளுக்குத்தான் நடுங்காத கை. ஆர்கிட் பூவுக்கு ஒரு குணம் உண்டு. மகரந்தம் கிடைக்கும்வரை வாரக்கணக்கில் வாடாமல் காத்திருக்கும். கிடைத்துவிட்டால் இரண்டே நாளில் சுருங்கி, மணம் போய், காயைப் பார்க்கப் போய்விடும். எங்கள் பூக்கள் வாரக்கணக்கில் பளிச்சென்று நின்றன. ஒன்றுகூட வாடவில்லை. அதைப் பார்க்கத்தான் அன்றைக்கு நான் போனேன், இல்லாத பையனிடம் யாரென்று கேட்டேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சத்தமில்லாமல் போனேன். வடிவு இருந்தாள். பல்குச்சி கொண்டையில் செருகியிருந்தது. ஒரு செடியின் முன் குனிந்து, கண்ணை மூடி, பூவில் மூக்கை வைத்திருந்தாள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் திரியாதே என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவள் பதறவில்லை. நான்தான் பதறினேன்.

"குச்சிய எடுக்கவே இல்ல, அப்படித்தானே வடிவு?"

"எடுத்தா பூ வாடிரும்லா டாக்டரம்மா."

செடியை மரத்துண்டோடு பிடித்துக் கட்டியிருந்த துணிப்பட்டையைக் காட்டினாள். நீலக் கட்டம் போட்ட துணி. அடுத்ததிலும் அதே, அதற்கடுத்ததிலும். "அவன் சட்ட" என்றாள்.

எல்லாம் விளங்கிவிட்டது. மரத்தில் ஒட்டி வளரும் செடியை நைலான் கயிற்றால் கட்டினால் வேர் அறுந்துபோகும். பல தடவை துவைத்து நைந்த பருத்தித்துணிதான் உகந்தது. அதனால் எங்கள் ஆட்கள் எல்லோரும் வீட்டிலிருந்து பழைய வேட்டி, சேலையைக் கொண்டுவந்து கிழித்துக் கட்டுவார்கள். எத்தனையோ வருடப் பழக்கம். நான்கூட ஒரு நைட்டி கொடுத்திருக்கிறேன். அந்தச் செடிகளுக்குக் கற்றுக்கொள்ளத் தெரியாதவரை அதில் ஒரு கெடுதலும் இல்லை. இந்தச் செடிக்குத் தெரியும். காற்றில் தொங்கும் அதன் வேர் பஞ்சு மாதிரி, எதுபட்டாலும் உறிஞ்சும். தேனீப்பெட்டி ஓரத்தில் இருந்தது, சட்டை வேரைச் சுற்றி இருந்தது. செடி சட்டையைக் கற்றுக்கொண்டது.

வாசனைக்காக அவள் அதைச் செய்யவில்லை. இல்லாதவன் துணி வீட்டில் இருக்கக் கூடாது, கடலில் விட்டுவிடு என்று நாத்தனார் நச்சரித்திருக்கிறாள். "கடலுக்கு ஒரு ஆளையே குடுத்தாச்சு, சட்டையும் எதுக்குன்னு இங்க கொண்டாந்தேன்" என்றாள் வடிவு. பூத்த அன்றைக்குக் கதவைத் திறந்தபோது அவன் வந்துவிட்டான் என்றே நினைத்தாளாம். டீசலும் சோப்பும் யாருக்கும் இருக்கும், அந்தப் பால் வாசனை பிறந்ததிலிருந்து அவன் உச்சந்தலையில் மட்டும் இருப்பது என்றாள்.

வர்கீஸிடம் சொன்னேன். மனிதர் முதலில் குதூகலித்தார், அதுதான் எனக்கு எரிச்சல்.

"செடி பரீட்சையில ஜெயிச்சுடுச்சு ஜெபா. நாமதான் தப்பான பாடம் வச்சோம். அந்தத் துணியையெல்லாம் அறுத்துப் போடு. அடுத்த மொட்டுக்குத் தேனீ பக்கத்துல இருக்கட்டும், பழையத மறந்துடும்."

"அடுத்த மொட்டு வர ஒரு வருஷம் ஆகும். குடில்ல செடிக்குச் செடி வேரழுகல் பரவுது சார். அதுவரைக்கும் ஒண்ணும் மிஞ்சாது."

"அப்படின்னா இந்தப் பூவுலேயே இப்பவே காய் பிடிக்கணும். நீயே குச்சிய எடு."

எடுத்தேன். பொய் சொல்லவில்லை, எடுத்துக்கொண்டு குடிலுக்குள் போனேன். பூவுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் கை நின்றுவிட்டது. அவ்வளவு பக்கத்தில் அது பூவின் வாசனையாக இல்லை. ஒருவன் என்னிடம் கழுத்தைக் காட்டிக்கொண்டு நிற்பது போல இருந்தது. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு "எந்த மரம் டாக்டரம்மா?" என்று கேட்பானே, அந்த நெருக்கம். எனக்குப் பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. உலகத்தில் மிச்சமிருந்த மூக்குத்திப்பூ எல்லாம் அந்தக் குடிலுக்குள் இருந்தது. நான் வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

வடிவிடமே பேசினேன். சுற்றிவளைக்கவில்லை. இந்தப் பருவத்தில் காய் பிடிக்காவிட்டால் இந்தச் செடி இனிமேல் எங்கேயும் கிடையாது என்றேன். அவள் நிலத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காய் பிடிச்சா வாசன போயிரும்."

"போயிரும்."

"வெதையில இருக்குமா?"

இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். வேலை சுலபமாக முடிந்திருக்கும். "இருக்காது வடிவு. கத்துக்கிட்டது அந்தச் செடியோட போயிரும். எங்களுக்குத் தெரிஞ்சவரைக்கும் அப்படித்தான்."

"அப்படின்னா என்னைக் கேக்காதீங்க டாக்டரம்மா. ஒங்களுக்கு ஒரு பூ. எனக்கு அவன் ரெண்டாவது தடவ போறது."

ஒரு செடியினம் அழிந்தால் உலகத்துக்கு என்ன நஷ்டம் என்று மேடைகளில் நான் நிறையப் பேசியிருக்கிறேன். அதில் ஒரு வரியைக்கூட அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியவில்லை.

வேரழுகல் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. அந்த வாரமே ஒரு செடி அடியிலிருந்து கறுத்துச் சாய்ந்தது. பூ மட்டும் பிடிவாதமாகத் திறந்திருந்தது. காலையில் நான் குடிலுக்குப் போனபோது வடிவு வாசலுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். உள்ளே நுழைந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அதே டீசல், அதே சோப்பு, அதே பால். அவற்றோடு அழுகல். தண்ணீரில் கிடந்த எதுவோ வெயிலில் கிடக்கிற நாற்றம். அவள் பார்க்காத உடலை அந்தப் பூ அவளிடம் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

வெளியே ஓடிவந்து வேலியோரம் வாந்தியெடுத்தேன். திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எம்புள்ள செத்துட்டான் டாக்டரம்மா" என்றாள் வடிவு. கத்தவில்லை. அவன் போய் எட்டு மாதத்துக்கு அப்புறம், அன்றைக்குத்தான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். அப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொல்வதில் தப்பில்லை.

மத்தியானம் எழுந்து குழாயடியில் தலைமுழுகினாள். ஈரச் சேலையோடு குடிலுக்குள் போனாள். மற்றவையும் இப்படி நாறுவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்றாள். கொண்டையிலிருந்து குச்சியை எடுத்து, ஒவ்வொரு பூவையும் ஒரு தடவை நன்றாக முகர்ந்தாள், பிறகு மகரந்தத்தை வைத்தாள். கை நடுங்கவில்லை. இரண்டு நாளில் எல்லாம் வாடின. காய் முற்றியதும் நீலக்கட்டத் துணியை அவளே அவிழ்த்து எடுத்துக்கொண்டுபோய்க் கடலில் விட்டாள். குடில் மறுபடி வெறும் பாசியும் ஈரமரமுமாக மணந்தது. அந்த வெறுமையைக் கொஞ்சநாள் எனக்கே தாங்க முடியவில்லை.

ஆர்கிட் விதை என்பது தூசி. ஊதினால் போய்விடும். அந்தத் தூசியைக் கண்ணாடிக் குப்பிகளில் முளைக்க வைத்தோம். தாய்ச்செடிகள் அத்தனையும் அதற்குள் அழுகிப் போயின. குப்பிச் செடிகளுக்கு வெளிக்காற்றுகூடப் படவில்லை. அவை பெரிதானதும் ஆளில்லாத ஒரு குட்டித் தீவுக்குக் கொண்டுபோனோம். முதுகு மாதிரி இருப்பதால் முதுகுத்தீவு என்று படகுக்காரர்கள் சொல்வார்கள். இந்தத் தடவை பழந்துணி இல்லை, ஆஸ்பத்திரி காஜ் துணி. எல்லோரும் கையுறை போட்டுக்கொண்டு, வாயைக் கட்டிக்கொண்டு, மரம் மரமாகக் கட்டினோம். பக்கத்திலேயே கொசுத்தேனீப் பெட்டிகளையும் வைத்தோம். ஆபரேஷன் பண்ண வந்தவர்கள் மாதிரி இருக்கிறோம் என்று வர்கீஸ் சிரித்தார்.

நான்கு வருடம் கழித்து அவை பூத்தன. முதலில் பார்த்தது நாங்கள் இல்லை. எக்கா என்று ஒரு படகோட்டி, ராஞ்சியிலிருந்து வந்த குடும்பம், தமிழும் இந்தியும் கலந்து பேசுவான். தண்ணீர் எடுக்க அங்கே இறங்கியவன் பாதியில் திரும்பி வந்து, "உள்ள ஒரு லட்கா இருக்கான் மேடம், யாரோ பையன். கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டேங்கறான்" என்றான்.

நானும் வர்கீஸும் போனோம். கரையில் இறங்குவதற்கு முன்பே காற்றில் வந்தது. டீசல், எலுமிச்சை சோப்பு, காய்ச்சிய பால். வர்கீஸ் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவருக்கு இவ்வளவு வயதாகிவிட்டதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"விதைக்குள்ள போயிடுச்சு ஜெபா. படிக்கக் கத்துக் குடுத்தேன். அது மனப்பாடம் பண்ணிடுச்சு."

"இனி எல்லாப் பூவும் அவன்தானா?"

"இனி இந்த இனமே அவன்தான்" என்றார். "மனுஷ வாசனைக்கு எந்தத் தேனீ வரும்? தோத்துட்டோம்" என்றார்.

திட்டத்தை மூடினார்கள். என்னை மேற்கே, கோவைக்கு மாற்றினார்கள். கிளம்புவதற்கு முன் வடிவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தலைமுழுகியவளை மறுபடி எதற்குக் கிளற வேண்டும் என்று சொல்லாமல் போனேன். எக்கா சொல்லிவிட்டான்.

கோவையில் இருந்தபடி அவ்வப்போது செய்தி கேட்பேன். முதுகுத்தீவில் உல்லாசவிடுதி கட்ட ஒரு கம்பெனி வந்ததாம். காட்டை வெட்ட வந்த ஆட்கள் பூக்கிற பருவத்தில் கூடாரம் போட்டிருக்கிறார்கள். பின்னால் யாரோ நிற்கிறான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி, வெட்டுக்கத்தியைப் போட்டுவிட்டுப் படகேறிவிட்டார்கள். இரண்டாவது கூட்டமும் அப்படியே போனது. கம்பெனிக்காரன் சிரித்துக்கொண்டே தானே வந்து பார்த்தான், பிறகு வேறு தீவு தேடினான். இப்போது அதை யாரும் முதுகுத்தீவு என்பதில்லை. ஆள்தீவு என்கிறார்கள். ஆளே இல்லாத தீவுக்கு அந்தப் பெயர். அந்தத் தீவில் எதையும் வெட்ட முடியாது என்பதால் வேறு எத்தனையோ அபூர்வச் செடிகளும் அங்கே தப்பித்துக்கொண்டன. எங்கள் சட்டங்களும் வேலிகளும் செய்யாததை ஒரு சட்டை செய்தது.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு தடவை போனேன். வடிவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. பூக்கிற பருவத்தில் வருடம் தவறாமல் எக்காவின் படகில் போய் வருகிறாளாம். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கரையில் இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். எட்டுகிற கிளைகளில் இருந்த பூக்களை ஒவ்வொன்றாய் முகர்ந்து, பல்குச்சியால் மகரந்தம் வைத்தாள்.

"வச்சா வாடிருமே வடிவு. விட்டா ஒரு மாசம் இருக்குமே" என்றேன்.

"இருக்கும். அடுத்த வருசம்? நான் இல்லாதப்போ?" என்றாள். "திதி குடுக்குற மாதிரின்னு வச்சுக்கிடுங்க. வருசாவருசம் வருவான், நானும் வழியனுப்புவேன். காய் இருந்தா திரும்ப வருவான்லா."

அவள் கை எட்டுகிற உயரம்தான் எல்லாம். அவளுக்குப் பிறகு யார் என்ற கேள்வி எனக்குள் கனத்தது. இந்தக் கிழவியோடு இந்த இனமும் முடியப்போகிறது என்று நினைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். கர்ஜன் மரத்தின் மேலே, நாங்கள் யாரும் செடி கட்டாத உயரத்தில், கிளைக்குக் கிளை மூக்குத்திப்பூ தொற்றியிருந்தது. தூசி விதை, காற்று கொண்டுபோயிருக்கும், அது சரி. ஆனால் பைனாகுலரை எடுத்துப் பார்த்தபோது அங்கே காய்களும் இருந்தன. பச்சைப் பச்சையாய், கொத்துக் கொத்தாய். உச்சிவரைக்கும்.

கொசுத்தேனீதான் அந்த வாசனைக்குப் பழகியிருக்க வேண்டும். பிற்பாடு நான் எழுதிய கட்டுரையில் அப்படித்தான் போட்டேன். அரைநாள் பார்த்தும் ஒரு தேனீகூட என் கண்ணில் படவில்லை என்பதைப் போடவில்லை.

"அவ்வளவு ஒசரத்துல யாரு வடிவு வச்சது?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குச்சியைக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"அவன் மரம் ஏறுவான்லா டாக்டரம்மா" என்றாள். "கூப்பிடாதீங்க. கூப்பிட்டாலும் எறங்கமாட்டான்."